உயர்தர மாணவருக்குப் பல்கலைக்கழகத் தரத்தில் புள்ளிவிபரவியல்: எப்படித் திட்டமிடலாம்?

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் எமது ஊர்களில் எல்லோர் வாயிலும் இஸட் புள்ளிதான். "மகளுக்கு இஸட் எவ்வளவு?" என்று கடைக்காரர் கேட்கிறார். "ஒன்று தசம் ஏழு" என்று வாப்பா சொல்கிறார். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் அது நல்லதா போதாதா என்று தெரியும். ஆனால் எது ஒன்று தசம் ஏழு என்று கேட்டால் இருவரும் பேசாமல் இருப்பார்கள். பெறுபேற்றைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையும் அப்படித்தான். இந்நாட்டில் ஒரு பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தப் பீடத்துக்குப் போவது என்பதை இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு புள்ளிவிபரவியல் அளவைதான் தீர்மானிக்கிறது. அது என்னவென்று அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

சொல்லிக் கொடுப்பது கடினமும் அல்ல. ஒரு பாடத்தில் எல்லோருடைய சராசரியும் 50, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். அதில் 65 எடுத்தவர் சராசரியிலிருந்து ஒரு நியம விலகல் மேலே நிற்கிறார். அவரது இஸட் 1. இன்னொரு பாடத்தில் சராசரி 35, நியம விலகல் 10. அங்கே 55 மட்டுமே எடுத்தவரின் இஸட் 2. புள்ளி குறைவு, இடம் உயர்வு. பாடங்களின் கடினம் ஒன்றுக்கொன்று மாறுவதால் வரும் அநியாயத்தைக் குறைக்கத்தான் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில் இந்த முறையை முன்வைத்தார். 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் தோற்றியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் தோற்றியவர்களையும் ஒன்றாகக் கலந்து இஸட் கணித்தபோது பெரும் குழப்பம் வந்தது. அந்தக் கணிப்பை 2012இல் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. இரண்டு வெவ்வேறு குடித்தொகைகளை ஒன்றாக எண்ணக் கூடாது என்பது புள்ளிவிபரவியலின் அரிச்சுவடி. அதை நீதிமன்றம் வரை போய்த்தான் நாடு படித்தது.

இந்தக் கட்டுரையில் நான் முன்வைப்பது ஒரு திட்டம். தரம் 12இல் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு, எந்தப் பிரிவில் இருந்தாலும் சரி, பல்கலைக்கழக முதலாம் வருடத் தரத்தில் ஒரு புள்ளிவிபரவியல் வகுப்பை ஊர் மட்டத்தில் எப்படி நடத்துவது என்பது பற்றியது.

"அதுதான் பாடத்திட்டத்தில் இருக்கிறதே" என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். இருக்கிறது. சாதாரண தரக் கணிதத்தில் இடையும் இடையமும் வலையுரு வரையமும் திரள் மீடிறன் வளையியும் இருக்கின்றன. இணைந்த கணிதத்தில் நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் உண்டு. வர்த்தகப் பிரிவில் வணிகப் புள்ளிவிபரவியல் ஒரு தனிப் பாடம். ஆனால் கலைப் பிரிவுப் பிள்ளைக்கும் உயிரியல் பிரிவுப் பிள்ளைக்கும் பதினொன்றாம் ஆண்டோடு கதை முடிந்துவிடுகிறது. எமது பாடசாலைகளில் அதிகம் இருப்பது கலைப் பிரிவுதான். அதே பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போய் சமூகவியலோ பொருளியலோ முகாமைத்துவமோ படிக்கும்போது முதலில் இடறுவது புள்ளிவிபரவியலில். இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். நாம் கற்பிப்பது பெரும்பாலும் அட்டவணை நிரப்புவதைத்தான். பயிற்சிக் கலாசாலையில் நானும் அப்படித்தான் கற்றேன். பல வருடங்கள் அப்படியே கற்பித்தும் வந்தேன். எடுகோள் இடையை வைத்துச் சராசரி காணும் பிள்ளையிடம், இந்தத் தரவை யார், எப்படி, யாரிடம் சேகரித்தார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி பரீட்சைக்கு வராது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அங்கே கொலேஜ் போர்ட் என்ற நிறுவனம் பாடசாலை மாணவர்களுக்கே பல்கலைக்கழகத் தரப் பாடங்களை நடத்தும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. பெயர் அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட். அதில் புள்ளிவிபரவியல் பரீட்சை முதன்முதலாக 1997இல் நடந்தது. அந்த வருடம் ஏறத்தாழ ஏழரை ஆயிரம் பேர் தோற்றினார்கள். இருபது வருடங்களுக்குள் அந்தத் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. நுண்கணிதம் தேவையில்லை, அட்சரகணிதம் போதும் என்பது அந்தப் பாடத்தின் முதல் முடிவு. சூத்திரங்களையும் அட்டவணைகளையும் பரீட்சைத் தாளோடு கொடுத்துவிடுவார்கள். கணிப்பானும் கொண்டு போகலாம். மனப்பாடத்துக்கு அங்கே வேலை குறைவு.

அந்தப் பாடத்தை நான்கு பெரிய பகுதிகளாக அமைத்தார்கள்: தரவை ஆராய்தல், தரவைச் சேகரித்தல், நிகழ்தகவு, மாதிரியிலிருந்து முழுமையைப் பற்றி முடிவுக்கு வருதல். இரண்டாவது பகுதியைப் பாருங்கள். கணக்கே இல்லாத ஒரு பகுதி அது. எமது பாடப் புத்தகங்களில் ஓரிரு பக்கங்களோடு நின்றுவிடுவதும் அதுதான். திட்டமிடும்போது நான் அதிக நேரம் கொடுக்க விரும்புவதும் அதற்குத்தான்.

எமது பல்கலைக்கழகங்களில் ஒரு மதிப்பலகு என்பது 15 மணித்தியால விரிவுரை. மூன்று மதிப்பலகுப் பாடமென்றால் 45 மணித்தியாலம். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பதால் 60 மணித்தியாலம் வைக்கலாம்: சனிக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம், 30 வாரங்கள். ரமழானையும் தவணைப் பரீட்சைகளையும் விட்டுவிட்டுத்தான் இந்த 30 வாரங்களை எண்ண வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் நின்றுபோகும். காலை நேரம் என்று சொல்வதற்குக் காரணம் பெண் பிள்ளைகள். இரவு வகுப்பு என்றால் அவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். முப்பதில் நான்கு வாரம் தரவை ஆராய்வதற்கு, ஏழு வாரம் சேகரிப்பதற்கு, ஐந்து வாரம் நிகழ்தகவுக்கு, பத்து வாரம் முடிவுக்கு வருவதற்கு. கடைசி நான்கு வாரம் பிள்ளைகளின் சொந்த ஆய்வுக்கு.

சேகரிப்புக்கு ஏழு வாரம் ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது சரி, ஏனென்றால் கொதிக்கும் நீரில் சோறு முழுவதும் புரண்டு வேகிறது. தம்மில் வைத்த புரியாணிச் சட்டியில் மேலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடியில் இருப்பதைச் சொல்ல முடியுமா? எழுமாற்று மாதிரி என்பது அந்தச் சட்டியைக் கிளறுவதற்குச் சமம். இனி ஊருக்கு வருவோம். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று நூறு பேரிடம் கருத்துக் கேட்டால் ஊரின் கருத்து கிடைக்குமா? அந்த நூறில் ஒரு பெண்ணும் இருக்கமாட்டார். சரி, வாசலில் நிற்காமல் பள்ளிவாசல் சந்தாப் புத்தகத்தை எடுத்து அதிலிருந்து எழுமாறாக வீடுகளைத் தெரிவு செய்தால்? முன்னதைவிட எவ்வளவோ மேல். ஆனால் வாடகைக்கு வந்து குடியிருப்பவர் அதில் இல்லை. சந்தா கட்ட முடியாத விதவையின் வீடு சில இடங்களில் இல்லை. வறுமையை அளக்கப் புறப்பட்டு, மிக வறியவர்களை விட்டுவிட்டு அளந்து வருவோம். ஸகாத் பங்கீட்டுக்குக் கணக்கெடுக்கும் எந்த நிர்வாகமும் இந்த ஒரு விடயத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.

1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை இதே தவறைப் பெரிய அளவில் செய்தது. ஒரு கோடி வாக்குச் சீட்டுகளை அனுப்பி, இருபது இலட்சத்துக்கு மேல் பதில்களைப் பெற்று, ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் அறுபது வீதத்துக்கு மேல் எடுத்து வென்றார். முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகங்களிலும் மோட்டார் வாகனப் பதிவுகளிலும் இருந்து எடுத்திருந்தார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் அவை வசதியுள்ளவர்களின் பட்டியல்கள். பதில் எழுதி அனுப்பியவர்களும் தாமாக முன்வந்தவர்கள்.

தாமாக முன்வந்தவர்கள் என்ற அந்தச் சொல்லை எமது பிள்ளைகள் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். 2019 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு ஒரு வைத்தியர் இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு பத்திரிகை எழுதியது, எண்ணிக்கை நாலாயிரம். குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் கைது செய்யப்பட்டார். அதன் பிறகு முறைப்பாடுகள் கோரப்பட்டன. நூற்றுக்கணக்கான பெண்கள் வந்தார்கள். "இத்தனை பேர் வந்திருக்கிறார்களே" என்பதே ஆதாரமாகப் பேசப்பட்டது. அன்று நாம் என்ன செய்தோம்? அழுதோம், கோபப்பட்டோம், துஆ கேட்டோம். எல்லாம் நியாயமே. ஆனால் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய மூன்று கேள்விகளை மேடையில் கேட்டவர்கள் மிகச் சிலர். அவர் தன் சேவைக் காலத்தில் மொத்தம் எத்தனை சத்திரசிகிச்சை செய்தார்? அவர்களில் எத்தனை பேருக்குப் பின்னர் குழந்தை பிறந்தது? அதே வைத்தியசாலையில் வேறு வைத்தியர்களிடம் சிசேரியன் செய்த தாய்மாரில் எத்தனை பேருக்குப் பிறந்தது? குழந்தை இல்லாத துயரத்தில் இருக்கும் பெண்களை வருமாறு அழைத்தால் குழந்தை இல்லாதவர்கள்தான் வருவார்கள். பின்னர் பிள்ளை பெற்றவர் ஏன் வந்து முறைப்பாடு செய்யப் போகிறார்? மாதிரியை இப்படி எடுத்தால் எந்த வைத்தியர் மீதும் எந்தக் குற்றச்சாட்டையும் நிரூபித்தது போலக் காட்டலாம். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அந்த வருடமே நீதிமன்றத்துக்குச் சொன்னது. அதற்குள் ஒரு குடும்பமும் ஒரு சமூகமும் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

சனத்தொகைக் கதையும் இப்படித்தான். பௌத்தர்கள் குறைகிறார்கள், முஸ்லிம்கள் நாட்டை நிரப்புகிறார்கள் என்று பேசுபவர் ஒரு கணக்கைக் காட்டலாம்: 2001 குடிசன மதிப்பீட்டில் பௌத்தர்கள் 76.7 வீதம், 2012இல் 70.1 வீதம். பதினொரு வருடத்தில் ஆறரை வீதம் காணாமல் போய்விட்டதே! இரண்டு எண்களும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் எண்கள்தான். ஆனால் யுத்தம் காரணமாக 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே மதிப்பீடு முழுமையாக நடந்தது. வடக்கு கிழக்கின் பெரும் பகுதி அதில் இல்லை. எல்லா மாவட்டங்களும் அடங்கிய 1981 மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் பௌத்தர் 69.3இலிருந்து 70.1 ஆகவும், இஸ்லாமியர் 7.6இலிருந்து 9.7 ஆகவும் இருக்கக் காணலாம். எமது பங்கு கூடியிருப்பது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. பௌத்தர்களின் பங்கு குறைந்தது என்பது அந்தக் காலப்பகுதிக்குப் பொய். இந்த ஒரு அட்டவணையை வைத்து இரண்டு சனிக்கிழமைகள் வகுப்பு நடத்தலாம்.

கத்தி இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும். "எங்கள் ஊர் இளைஞர்களில் பாதிப் பேர் போதையில்" என்று எமது கூட்டங்களிலேயே சொல்கிறோம். யார் எண்ணினார்கள்? வட்ஸ்அப்பில் வரும் எண்ணை, அது எமக்குச் சாதகமாக இருந்தால், கேள்வியே இல்லாமல் அடுத்த குழுவுக்குத் தட்டிவிடுகிறோம். ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் யார் யாரிடமிருந்து கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையைத் துருவிய சமூகம் இது. எண்களுக்கு மட்டும் அந்த வரிசையை ஏன் கேட்பதில்லை என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பார்க்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல்கிந்தி, எழுத்துகள் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணி இரகசியச் செய்திகளைக் கட்டவிழ்க்கும் முறையை எழுதி வைத்தார். மீடிறன் அட்டவணைக்கு எமது பிள்ளைகள் வெளியாட்கள் அல்ல.

சேகரிப்பின் இரண்டாம் பாதி பரிசோதனைகள் பற்றியது. 2020 டிசம்பரில் கேகாலையில் தம்மிக்க பாணிக்கு மக்கள் முண்டியடித்தது நினைவிருக்கும். பகிரங்கமாக அதைக் குடித்த சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சிக்கு 2021 ஜனவரியில் கோவிட் தொற்று உறுதியானது. நாடே சிரித்தது. வகுப்பில் நான் நிறுத்துவது அந்தச் சிரிப்பைத்தான். குடித்த ஒருவருக்கு நோய் வந்தது என்பதால் பாணி பயனற்றது என்று நிரூபணமாகாது. குடித்த ஒருவருக்கு வரவில்லை என்பதால் பயனுள்ளது என்றும் ஆகாது. குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பதை எழுமாறாகத் தீர்மானிக்க வேண்டும். 1954இல் சோல்க்கின் போலியோ தடுப்பூசியை அப்படித்தான் சோதித்தார்கள். அதன் பிரதான பகுதியில் ஒரு பக்கம் ஏறத்தாழ இரண்டு இலட்சம் குழந்தைகள், மறுபக்கம் மருந்தில்லாத ஊசி பெற்ற இரண்டு இலட்சம் குழந்தைகள். யாருக்கு எது என்று ஊசி போட்டவருக்கும் தெரியாது. கருஞ்சீரகத்தைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாமா என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால் ஆசிரியர் தடுமாறக் கூடாது. ஈமான் ஒரு பக்கம் இருக்க, எந்த நோய்க்கு எவ்வளவு என்பது சோதித்துப் பார்க்கக் கூடிய கேள்விதான்.

நிகழ்தகவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சூத்திரங்களைக் குறைத்து, காசு சுண்டியும் புளியங்கொட்டைகளுக்கு நிறம் பூசிப் பையிலிருந்து எடுத்தும் செய்து பார்க்கட்டும். நூறு தடவை செய்து எண்ணிய பிள்ளைக்குச் செவ்வன் பரவல் தானாகத் தெரியவரும்.

முடிவுக்கு வருதல் என்ற பகுதிதான் மிகக் கடினம். இங்கே தேநீர் உதவுகிறது. தேநீரை முதலில் ஊற்றினார்களா பாலை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்வேன் என்றார் ஒரு பெண்மணி. அவரைச் சோதிப்பதற்கு எட்டுக் கோப்பைகளை எழுமாறாக வைப்பதைப் பற்றி ரொனால்ட் ஃபிஷர் 1935இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். நாலு கோப்பை ஒரு விதம், நாலு மறு விதம். வெறும் ஊகத்தில் எட்டையும் சரியாகப் பிரிக்கும் வாய்ப்பு 70இல் 1. பசும்பால் தேநீரையும் பால்மாத் தேநீரையும் வைத்து இதையே வகுப்பில் செய்யலாம். ஒரு பிள்ளை எட்டையும் சரியாகச் சொன்னால், அது தற்செயல் என்று நம்ப 70இல் 1 என்ற வாய்ப்பை நம்ப வேண்டும். கருதுகோள் சோதனையின் முழு உயிரும் அதற்குள் இருக்கிறது.

நம்பிக்கை ஆயிடைக்கும் ஒரு எளிய கைக்கணக்கு உண்டு. எழுமாறாக எடுத்த 100 வீடுகளில் கேட்டால் விடை ஏறத்தாழ 10 வீதம் கூடக் குறைய இருக்கலாம். 400 வீடுகள் என்றால் 5 வீதம். பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு வேலை. ஊர் பெரிதோ சிறிதோ இந்தக் கணக்கு பெரிதாக மாறாது என்பதைப் பிள்ளைகள் உடனே நம்பமாட்டார்கள். நம்பாமல் இருப்பது நல்லது. புளியங்கொட்டைப் பை இருக்கிறதே.

பரீட்சை வைப்பதிலும் அமெரிக்க முறையிலிருந்து எடுக்க ஒன்று இருக்கிறது. அங்கே பாதிப் புள்ளிகள் வாக்கியத்தில் எழுதும் விடைகளுக்கு. எமது பிள்ளை கணக்கைச் செய்து, விடையின் கீழ் இரண்டு கோடு கீறி, அடுத்த வினாவுக்குப் போய்விடும். "சராசரி 4.2" என்பது விடையல்ல. "எழுமாறாகத் தெரிவு செய்த 60 வீடுகளில் சராசரியாக 4.2 பேர் வசிக்கிறார்கள், ஆனால் வாடகை வீடுகள் எமது பட்டியலில் இல்லாததால் இதை முழு ஊருக்கும் சொல்ல முடியாது" என்பது விடை. இப்படித் தமிழில் நான்கு வரி தெளிவாக எழுதப் பழகுவதற்கே பல மாதங்கள் எடுக்கும். கலைப் பிரிவுப் பிள்ளைகள் இந்த இடத்தில் கணிதப் பிரிவுப் பிள்ளைகளை முந்தக்கூடும் என்பது என் எதிர்பார்ப்பு.

கடைசி நான்கு வார ஆய்வுக்கு ஒரு உத்தியைச் சொல்லிவிடுகிறேன். பாடசாலையில் எத்தனை ஆண் பிள்ளைகள் சிகரட் குடித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று நேரே கேட்டால் உண்மை வராது. 1965இல் ஸ்டான்லி வோர்னர் என்ற அமெரிக்கர் முன்வைத்த எண்ணத்தின் எளிய வடிவம் இது. ஒவ்வொருவரும் யாருக்கும் காட்டாமல் ஒரு காசைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் "ஆம்" என்று எழுத வேண்டும். மற்றப் பக்கம் விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். 200 பேரில் சுமார் 100 பேருக்குத் தலை விழும். மொத்தம் 112 "ஆம்" வந்தால், மீதி 100 பேரில் 12 பேர், அதாவது ஏறத்தாழ 12 வீதம். எந்தப் பிள்ளையும் காட்டிக்கொடுக்கப்படவில்லை. "குடிக்காதவன் ஆம் என்று எழுதினால் அது பொய்யில்லையா சேர்?" என்று எமது வகுப்பில் நிச்சயம் ஒருவன் கேட்பான். நல்ல கேள்வி. தாளில் இருக்கும் வாக்கியத்தை "எனக்குத் தலை விழுந்தது, அல்லது நான் குடித்துப் பார்த்திருக்கிறேன்" என்று மாற்றிவிட்டால் எல்லோரும் உண்மையே எழுதுவார்கள்.

இந்த வகுப்புக்கு எந்தப் பல்கலைக்கழகமும் மதிப்பலகு தராது. அமெரிக்காவிலும் அந்தந்தப் பல்கலைக்கழகம்தான் தீர்மானிக்கிறது. இங்கே அப்படியொரு ஏற்பாடே இல்லை. சான்றிதழுக்காக வருபவர்கள் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுவார்கள் என்பதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கற்பிக்க ஒருவர் போதாது. சாதாரண தரக் கணித ஆசிரியர் ஒருவரும் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்து முடித்து நியமனம் காத்திருக்கும் ஊர்ப் பட்டதாரி ஒருவரும் சேர்ந்து நடத்தலாம். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். கணினி இல்லாவிட்டாலும் கைத்தொலைபேசியில் உள்ள விரிதாள் செயலி போதும்.

முதல் சனிக்கிழமைக்குத் தேவையானவை எட்டுக் கோப்பை, ஒரு கேத்தல், பசும்பால் அரை லீற்றர், பால்மா ஒரு சிறிய பக்கட். அத்தோடு பெயர்களை மறைத்து எடுத்த சந்தாப் புத்தகப் பிரதி ஒன்று. அதை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குவதற்கு ஒரு மாதம் முன்னரே கடிதம் கொடுத்துவிடுங்கள்.